நிழற்படங்கள் காத்த திருக்கோயில் வரலாறு

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழந்திருக்கோயில் ஒன்றனைப் புதுக்கத் தொடங்குங்கால் பெரியோர் முதலிற் செய்யும் கிரியைகளுள் ஒன்று பாலாலயம் என்பதை அன்பர்கள் அறிவர். கருவறையில் எழுந்தருளியுள்ள மூர்த்தியின் அருட்கலைகளைக் கும்பத்தில் ஏற்றி, அத்திப் பலகையில் எழுதப்பெற்ற திருவுருவத்தில் நிறுத்தி, திருப்பணி முடியுங்காறும் பூசனை குறைவின்றி நடத்துவது பல ஊர்களில் நிலவும் மரபு. சுவர் பிரிக்கப்பெறினும், விமானத்தின் சுதை உதிர்க்கப்பெறினும், பலகையில் எழுதிய அவ்வொரு படம் திருக்கோயிலின் உயிரைத் தாங்கி நிற்கிறது. பணி நிறைவுற்றபின் அவ்வருள் மீண்டும் மூலத்தானத்தைச் சேர்கிறது.

இறைவனுக்குப் பாலாலயம் அமைத்த முன்னோர், ஊரின் வரலாற்றுக்கும் அதனை ஒத்ததோர் ஏற்பாட்டைச் செய்தனர் என்பது எண்ணி மகிழத் தக்கது. கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் திருத்தாயாருமாகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக எடுப்பித்த பெருமாட்டி ஆவார். திருக்கோடிகாவல் திருக்கோயிலைக் கருங்கல்லாற் புதுக்கியபோது, பழைய கல்வெட்டுக்கள் பொறித்த கற்கள் ஆங்காங்கே கிடப்பதை அவ்வம்மையார் கண்டார். அவற்றை உடைத்து அடித்தளத்தில் இட்டு நிரப்பச் செய்யவில்லை. அவற்றிலிருந்த செய்திகளைப் படியெடுத்து, இவை பழங்கற்படி என்ற குறிப்போடு புதிய சுவரிற் பொறிக்கச் செய்தார். பல்லவர் காலத்து அறக்கட்டளைகள் இன்றும் அச்சுவரில் வாழ்கின்றன. கல்லைப் புதுக்கியவர் சொல்லையும் காத்தார். திருப்பணி என்பதன் முழுப்பொருள் இதுவே அன்றோ!

செம்பியன் மாதேவியார் உளிகொண்டு செய்த அப்பணியை, கடந்த நூற்றெழுபது ஆண்டுகளாக ஒளிகொண்டு செய்துவருவது நிழற்படக் கலை. அக்கலை தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுக்கு ஆற்றிய தொண்டினையும், அதனால் திருக்கோயிற் புரவலர்க்கு உண்டாகும் கடமையையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

நிழற்படக் கலை 1839-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் உலகறிய வெளியிடப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அது கடல் கடந்து பாரத நாட்டை அடைந்தது. 1856-ஆம் ஆண்டில் சென்னையில் நிழற்படச் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாண அரசாங்கம் தனக்கென ஒரு நிழற்படக்காரரை நியமித்தது. அவர் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் சென்னைப் படையில் அலுவல் பார்த்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். 1822-ஆம் ஆண்டிற் பிறந்து 1902-ஆம் ஆண்டில் மறைந்த அவர், 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் ஆகிய ஹொய்சளர் கோயில்களைப் படம் எடுத்துப் பயின்றவர். 1855-ஆம் ஆண்டில் பர்மிய மன்னரிடம் சென்ற தூதுக்குழுவோடு சென்று அந்நாட்டுக் கோயில்களையும் படம் பிடித்தவர். வடநாட்டில் பெருங்கிளர்ச்சி நிகழ்ந்துகொண்டிருந்த 1857-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மாட்டு வண்டிகளிற் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சேலம் நாட்டு இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய ஊர்களைச் சுற்றி, 1858-ஆம் ஆண்டில் அப்படங்களைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவர்தம் பணிக்குச் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியிற் பயின்ற அய்யாசாமி என்னும் தமிழர் துணைநின்றார் என்பதும் மறக்கற்பாலதன்று.

அக்காலத்திற் படம் எடுத்தல் எளிய செயலன்று. தாளில் மெழுகைத் தோய்த்து, அதன்மீது வெள்ளி உப்புக்களைப் படியவைத்து, பெரிய மரப்பெட்டியிற் செருகி, நிமிடக் கணக்கில் ஒளியேற்றல் வேண்டும். சிறிதும் அசையாது நிற்பதே அத்தாளிற் பதியும். நடப்பவர் உருவம் பதியாது மறையும். ஆதலின், மக்கள் நடமாட்டம் மிக்க மதுரை வீதிகளும் திருக்கோயிற் பிராகாரங்களும் அப்படங்களில் ஆளரவமற்றுக் காட்சி தருகின்றன. வந்து போவோர் மறைய, நிலைத்து நின்ற கல் மட்டும் தாளில் எஞ்சியது. நிலையாமையையும் நிலைபேற்றையும் ஒருங்கே காட்டும் சித்திரம் என்று அதனைக் கூறலாம்.

அவர் தஞ்சையிற் செய்த பணி சிறப்பாக எண்ணத்தக்கது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி மறைய, அவ்வரசு கும்பெனியாரின் கைக்குச் சென்றது. மூன்றாண்டு கழித்து வந்த டிரைப் துரை, இருநூறு அடிக்குமேல் ஓங்கிய பெரிய கோயில் விமானத்தைப் பல கோணங்களிற் படம் எடுத்ததோடு அமையவில்லை. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாக ஓடும் கல்வெட்டுக்களையும் இடம்விட்டு இடம்பெயர்ந்து தொடர்ச்சியாகப் பதிவு செய்தார். இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஏறத்தாழப் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார்.

அக்காலத்தில் அக்கோயிலை எடுப்பித்தவர் யாவர் என்பதே அறிஞர்க்குத் தெளிவாகத் தெரியாதிருந்தது. தலபுராணம் கரிகாற் சோழரைக் கூறியது. பின்னர் 1886-ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டு ஆராய்ச்சி அலுவலுக்கு வந்த ஹூல்ஷ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் அக்கல்வெட்டுக்களை முறையாகப் படித்து வெளியிட்டார். அதன்பின்னரே, அது முதலாம் இராஜராஜ சோழர் எடுப்பித்த கற்றளி என்பதும், 1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சியிற் செப்புக் கலசம் ஏற்றப்பெற்றது என்பதும் உலகறிந்த உண்மைகளாயின. மன்னரும் அவர்தம் தமக்கையார் குந்தவையாரும் தேவியரும் அதிகாரிகளும் கொடுத்த திருமேனிகள், அணிகலன்கள், விளக்குக்குரிய ஆடுகள், ஆடல்மகளிர் நானூற்றுவரின் பெயர்கள் ஆகிய அனைத்தும் அவ்வெழுத்துக்களில் உள்ளன. கொடுத்தவர் பெயரை மறவாது எழுதிவைத்த கோயில் அது. அவ்வெழுத்துக்கள் 1858-ஆம் ஆண்டில் எந்நிலையில் இருந்தன என்பதற்குச் சான்றாக அந்தப் பத்தொன்பது அடிப் படம் விளங்குகிறது.

மதுரைப் படங்கள் உணர்த்தும் செய்தி வேறொரு வகையினது. திருமலை நாயக்கரின் அரண்மனை அப்படங்களிற் கூரை இடிந்தும், பெருந்தூண்கள் வெயிலில் நின்றும் பாழ்பட்டுக் கிடக்கிறது. பின்னர், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் அம்மாளிகை பழுதுபார்க்கப்பெற்றது. இன்று அதன் வளைவுகளின்கீழ் நிற்போர் காணும் அழகில் எவ்வளவு நாயக்கர் காலத்தது, எவ்வளவு பிற்காலத்துப் புதுக்குதல் என்று பகுத்தறிய அப்படங்களே உரைகல்லாக உள்ளன. நிறைவுபெறாத இராய கோபுரம், புது மண்டபம், தெப்பக்குளம், வைகை ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாதை, பழைய கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த பிளாக்பர்ன் என்னும் கலெக்டரின் நினைவாக நிறுவப்பெற்ற விளக்குத்தூண், அன்னை மீனாட்சியின் திருக்கோயிலுக்குரிய அணிகலன்கள் ஆகியவற்றை அவர் பதிவு செய்தார். அணிகலன்களைப் படத்திற் பதிந்து வைப்பதன் பயனை அறிய, ஒரு திருவாபரணப் பட்டியலைச் சரிபார்க்க முயன்ற எந்தத் தருமகர்த்தரைக் கேட்டாலும் போதும். பட்டியலில் “பதக்கம் ஒன்று” என்று இருந்தால், அது எந்தப் பதக்கம் என்று யாவர் கூறவல்லார்?

திருவரங்கத்தை எடுத்துக்கொள்வோர் மற்றோர் உண்மையை உணர்வர். பல நூற்றாண்டுகளாகத் தெற்கு வாயிலில் அடித்தளத்தோடு நின்றுவிட்ட மொட்டைக் கோபுரம், அஹோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகளின் அருள்முயற்சியால் பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயரத்திற்கு எழுப்பப்பெற்று, 1987-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. அதன்பின் பிறந்த இளைஞர், அக்கோபுரம் என்றும் அவ்வாறே நின்றது என எண்ணுதல் இயல்பு. பழைய படங்களில் அந்த மொட்டை வாயிலைக் கண்டாலன்றி, அக்காலத்து அடியார் அளித்த காணிக்கையின் பெருமை அவர்க்குப் புலப்படாது. முன்னிருந்த குறையைக் காட்டும் படமே பின்வந்த நிறைவின் மாண்பையும் காட்டுகிறது.

இத்துணைப் பயன் விளைத்த டிரைப் துரையின் பணியை அக்காலத்து அரசாங்கம் எவ்வாறு மதித்தது? 1859-ஆம் ஆண்டிற் சென்னை ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசாங்கத்தின் நிதிநிலைக்கு அது பொருந்தாத ஆடம்பரம் எனக் கருதி, அந்நிழற்படப் பிரிவையே நிறுத்திவிட்டார். கண்ணெதிரே நிற்கும் கோயிலுக்குப் படம் எதற்கு என்று தோன்றுதல் எக்காலத்தும் உள்ளதே. கண்ணெதிரே நின்றது ஒருநாள் இல்லாமற் போகும்போதுதான் படத்தின் விலை தெரிகிறது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2-ஆம் நாள் இரவு மதுரைத் திருக்கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றி, நாயக்கர் காலத்துத் தூண்களும் மேற்றளமும் வெப்பத்தால் வெடித்து வீழ்ந்தன. எந்தத் தூணில் எந்தச் சிற்பம் இருந்தது என்பதற்கு, எரிவதற்குமுன் எடுத்த படங்களையும் அளவுகளையுமே நாடவேண்டிய நிலை அன்று உண்டாயிற்று.

இனி, இவ்வுரையின் நடுநாயகமான செய்தி வருமாறு: 1955-ஆம் ஆண்டிற் புதுச்சேரியிற் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அதனை நிறுவிய ழான் பிலியோசா என்னும் அறிஞர், ஆகம நூல்களைச் சுவடிகளிலிருந்து திரட்டுவதோடு, அந்நூல்கள் கூறும் திருவுருவங்கள் ஊர்க் கோயில்களில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை ஒப்புநோக்க விரும்பினார். அதன்பொருட்டு 1956-ஆம் ஆண்டு முதல் நிறுவனத்தார் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்தோறும் சென்று, கோட்டச் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படம் எடுத்தனர். ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட படங்கள் ஆங்குச் சேர்ந்தன. அப்பணி நூலாராய்ச்சிக்காகத் தொடங்கியதே. பிற்காலத்தில் அது களவுபோன தெய்வத் திருமேனிகளை மீட்கும் சாட்சியாகும் என்பதைத் தொடங்கியவர்கள் கனவிலும் கருதியிரார்.

தரங்கம்பாடிக்கு அணித்தாகிய ஆனந்தமங்கலத்தில் இராஜகோபால சுவாமி திருக்கோயில் உள்ளது. விசயநகர காலத்துச் செப்புத் திருமேனிகளாகிய இராமர், இலக்குவர், சீதை, அனுமன் ஆகியோர் ஆங்கு எழுந்தருளியிருந்தனர். 1958-ஆம் ஆண்டில் புதுச்சேரி நிறுவனத்தார் அத்திருமேனிகளைப் படம் எடுத்துச் சென்றனர். இருபது ஆண்டு கழித்து, 1978-ஆம் ஆண்டில் அவை களவாடப்பெற்றன. கோயில் இருந்தது, பூசை இருந்தது, இராமபிரானின் திருமேனி மட்டும் இல்லை. ஒரு தலைமுறை கழிந்தது. பின்னர் இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த திருமேனிகளின் உருவத்தை 1958-ஆம் ஆண்டுப் படத்தோடு ஒப்பிட்டு நோக்கியபோது, அவை ஆனந்தமங்கலத்துத் திருமேனிகளே என்பது உறுதியாயிற்று. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டனில் இந்தியத் தூதரகத்தாரிடம் இராமர், இலக்குவர், சீதை ஆகிய மூவரும் ஒப்படைக்கப்பெற்று, தாயகம் திரும்பினர். பதினான்கு ஆண்டு வனவாசத்தைக் காவியத்திற் கேட்ட நாட்டில், நாற்பத்திரண்டு ஆண்டுக் கடல்கடந்த வாசத்தை மக்கள் கண்ணாற் கண்டனர். அவ்வாசம் நீங்கக் காரணமாயிருந்தது, பெட்டியில் உறங்கிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம்.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானில் எழுந்தருளியிருந்த சோழர் காலத்து நடராசப் பெருமானின் வரலாறும் இத்தகையதே. பூட்டிய கோயிலிலிருந்து களவுபோன அத்திருமேனி, 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது இலட்சம் டாலர் அளவிற்கு விலை கொடுத்து வாங்கப்பெற்றது. புதுச்சேரி நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டில் எடுத்திருந்த படமே, அப்பெருமான் எவ்வூர்ப் பெருமான் என்பதைக் காட்டியது. விருத்தாசலம் திருக்கோயிலின் கோட்டத்தில் நின்ற கற்றிருவுருவமாகிய அர்த்தநாரீசுவரரும் அந்நாட்டின் மற்றொரு கலைக்கூடத்தை அடைந்திருந்தார். அவர் நின்ற கோட்டத்தில் வேறொரு திருவுருவம் நின்றமையால் இழப்பு வெளிப்படவில்லை. 1974-ஆம் ஆண்டுப் படம் உண்மையை உரைத்தது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இவ்விரு திருவுருவங்களையும் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார். ஊரார் நாள்தோறும் தொழுதும் அறியாத மாற்றத்தை ஒரு படம் அறிந்திருந்தது என்பது நெஞ்சை நடுக்குறுத்தும் செய்தியாகும்.

இவ்விடத்தில் அன்பர்கட்கு ஓர் ஐயம் எழுதல் கூடும். தெய்வத் திருமேனியைப் படம் எடுப்பதாற் சாந்நித்தியம் குறையாதா என்பதே அது. கருவறையில் மூலமூர்த்தியைப் படம் எடுத்தலாகாது என்னும் மரபு போற்றற்குரியது. அதனை மீறுவார்க்கு இவ்வுரை இடங்கொடுக்கவில்லை. எனினும், உற்சவ மூர்த்திகள் வீதியில் எழுந்தருளி யாவர்க்கும் காட்சி நல்குபவர்கள். அவர்தம் திருவுருவப் படங்கள் இல்லந்தோறும் பூசையறையில் இருந்து அருள்புரிகின்றன. அர்ச்சகர் ஆகம முறை கூற, அறங்காவலர் உடனிருக்க, அலங்காரம் களைந்த திருமேனியின் முன்புறம், பின்புறம், பீடம், திருக்கரங்கள் ஆகியவற்றை உயர அளவோடு பதிந்து, பலர் காண வெளியிடாது காப்பில் வைத்தல் அத்திருமேனிக்குச் செய்யும் காவலேயாம். கதவுக்குப் பூட்டு இடுதல் அபசாரம் ஆகாதெனின், இதுவும் அபசாரம் ஆகாது.

கும்பாபிஷேகத் திருப்பணிகளிற் புரவலர்கள் கோபுரத்திற்கும் கலசத்திற்கும் யாகசாலைக்கும் வாரி வழங்குகின்றனர். அவ்வள்ளன்மை வாழ்க! அதனோடு ஒரு சிறு கூறினை ஊர் வரலாற்றைக் காக்கவும் ஒதுக்குவார்களாயின் அது செம்பியன் மாதேவியார் காட்டிய நெறியில் நின்றதாகும். திருப்பணி தொடங்குமுன் நாற்புறச் சுவரையும், ஒவ்வொரு கல்வெட்டையும், கோட்டச் சிற்பங்களையும், விதானத்து ஓவியத்தையும், தேர்ச் சிற்பங்களையும், வாகனங்களையும், திருவாபரணங்களையும், தலமரத்தையும், திருக்குளத்தையும் படம் எடுத்தல் வேண்டும். சுவரைத் துலக்குகிறோம் என்று மணலை விசையோடு வீசினால் எழுத்துத் தேய்ந்து போகும். சுண்ணம் பூசினால் எழுத்து மறைந்து போகும். தேய்ந்த எழுத்தை எந்தக் கொடையாலும் மீட்டல் இயலாது. திருப்பணி முடிந்தபின் அதே இடத்தில் நின்று மீண்டும் ஒரு படம் எடுத்தால், செய்த பணி யாது என்பது பிற்காலத்தார்க்கு விளங்கும்.

பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பதும் இப்பணியின் பகுதியே. அவை அரசாங்க ஆவணக் காப்பகத்தில் மட்டும் உள்ளன என்று எண்ணற்க. முற்காலத்துக் கும்பாபிஷேகத்தின்போது தருமகர்த்தர்களும் ஸ்தபதிகளும் வரிசையாக அமர்ந்து எடுத்துக்கொண்ட படம், மண்டபத்தில் நிகழ்ந்த திருமணத்தின் படம், தேரோட்ட நாளிற் பாட்டனார் தேர்வடம் பிடித்து நிற்கும் படம் ஆகியவை ஊர்க் குடும்பங்களின் பழைய மரப்பெட்டிகளில் உறங்குகின்றன. திருமணத் தம்பதியர்க்குப் பின்னால் இன்றில்லாத ஒரு தூண் நிற்கும். தேருக்குப் பக்கத்தில் இன்று மறைந்துபோன ஒரு வாகன மண்டபம் தெரியும். எடுத்தவர் எண்ணியது மனிதரை. படம் காத்தது ஊரை.

அத்தகைய படங்களை ஈரமும் செல்லும் அணுகாத இடத்தில் வைத்தல் வேண்டும். பசைகொண்டு அட்டையில் ஒட்டலாகாது. பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் ஊர், ஆண்டு, இடம், அதில் நிற்போர் பெயர் ஆகியவற்றை எழுதல் வேண்டும். பெயரெழுதாத படம் பெற்றோரை அறியாத குழந்தையை ஒக்கும். அதில் உள்ளவரை அடையாளம் காட்டவல்ல முதியவர் இருக்கும்போதே அவரருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுதல் கடன். மூலப் படத்தை உரியவரிடமே திருப்பித் தந்து, மின்னணுப் படிகளை எடுத்து, ஒன்று கோயிலிலும் ஒன்று வேறூரிலுமாக ஈரிடத்தில் வைத்தல் அறிவுடைமை. ஆனந்தமங்கலத்தின் படம் புதுச்சேரியில் இருந்தமையாலன்றோ ஆனந்தமங்கலத்துக்கு உதவிற்று!

படத்தையும் ஆராய்ந்தே நம்புதல் வேண்டும் என்பதையும் ஈண்டுக் கூறுதல் தகும். டிரைப் துரையே தம் படத்தாள்களின் வானத்தில் மேகங்களையும், மரங்களில் இலைகளையும் வண்ணம் தொட்டுத் தீட்டியதுண்டு. ஆதலின் படத்தைக் கல்வெட்டோடும், கல்வெட்டைத் தலபுராணத்தோடும், இம்மூன்றையும் முதியோர் வாய்மொழியோடும் ஒப்புநோக்கியே ஊர் வரலாற்றை எழுதல் முறை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

கும்பத்து நீர் கலசத்தின்மீது சொரியும் வேளையில் பழையது நீங்கிப் புதியது பிறக்கிறது என்று பலர் எண்ணுவர். உண்மையில், பாலாலயப் பலகையில் இருந்த அதே அருளே கருவறைக்கு மீள்கிறது. புதுமை சுவருக்கு உரியது, அருள் பழையதே. ஊர் வரலாறும் அவ்வாறே. கொடுத்தவர் பெயரும், செதுக்கியவர் திறமும், தொழுதவர் முகமும், படம் என்னும் சிறு பலகையிற் காக்கப்பெற்றால், எத்தனை முறை சுவர் புதுக்கப்பெறினும் அவை ஊரைவிட்டு நீங்கா. பன்னீராண்டு கழித்து அடுத்த திருக்குடமுழுக்கை நடத்தவரும் அன்பர்கள், இன்றைய திருக்கோயில் இவ்வாறு விளங்கியது என்று கண்ணாற் கண்டு மகிழுமாறு, இத்தலைமுறையினர் தம் காலத்தைப் பதிந்துவைத்துச் செல்வார்களாக.

அன்பர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற செல்வமும் எய்தி, களவுபோன திருமேனிகள் யாவும் தத்தம் திருக்கோயிலுக்கு மீண்டு, நித்திய பூசையும் திருவிழாவும் வழுவாது நடைபெறத் திருவருள் துணைசெய்வதாக!

சுபம்.